முகம் பெரிதான கதை

சென்ற பொங்கல் விழாவிற்கு வந்திருந்த அன்பர்கள், மேடையின் பின்புறம் கட்டப்பட்டிருந்த இருபதடி நீளப் படத்தைக் கண்டிருப்பார்கள். நமது சங்கத்துத் தமிழ் வகுப்பைத் தோற்றுவித்த ஐந்து பெரியவர்களின் முகங்கள் அதில் இருந்தன. விழா முடிந்தபின் பலர் நம்மிடம் வந்து, "அவ்வளவு சிறிய பழைய படங்களை இவ்வளவு பெரிதாக எவ்விதம் செய்தீர்கள்?" என்று வினவினர். நின்ற நிலையில் சொல்லி முடிக்கக்கூடிய செய்தி அன்று அது. அவ்வைவருள் ஒருவர் நம் தந்தையார். ஆகவே ஆசிரியரிடம் சில பக்கங்களைக் கேட்டு வாங்கி, நடந்ததை நடந்தவாறே எழுத முற்படுகிறோம். நாம் பத்தாம் வகுப்பிற்கு மேல் பயின்றறியோம். இரயில்வேயில் கோப்புக் கட்டும் குமாஸ்தா. கணினியைக் கற்றறிந்தோர் இதில் குறை காணின் பொறுத்தருள்க.

ஐவர்

1993ஆம் ஆண்டில், கல்யாண் நகரின் இரயில்வே குடியிருப்பில் பூட்டிக் கிடந்த ஓர் அறையைக் கேட்டுப் பெற்று, நம் குழந்தைகளுக்கு மாலைநேரத் தமிழ் வகுப்பைத் தொடங்கினார்கள் அவ்வைவரும். இருவர் ஃபிட்டர்கள், ஒருவர் கார்டு, ஒருவர் கம்பவுண்டர், ஐந்தாமவராகிய நம் தந்தையார் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேன். மற்ற நால்வரும் பாடம் சொல்லிக் கொடுத்தனர். தந்தையார்க்கோ தம் பெயரை எழுதுவதற்கு அப்பால் எழுத்துப் பழக்கம் இல்லை. வேலை முடிந்து வந்ததும் கால் கை கழுவிக்கொண்டு, வீடு வீடாகச் சென்று பிள்ளைகளைப் பிடித்து வருவதே அவர் ஏற்ற பணி. ஒளிந்துகொள்ளும் பிள்ளைகளைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்து வருவார். "அவருக்கு அஞ்சியே அகரம் கற்றோம்" என்று இன்று தலை நரைக்கத் தொடங்கியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து 1984இல் இங்கு வந்தவர் அவர். கசாரா மலைப்பாதையில் மழையிலும் பனியிலும் தண்டவாளத்தோடு நடந்தார். 2008இல், பணிக்காலம் முடியுமுன்பே காலமானார். அவர் இறந்ததன் பயனாகக் கருணை அடிப்படையில் நமக்குக் கலாசி வேலை கிடைத்தது. பின்னர்த் துறைத் தேர்வு எழுதிக் குமாஸ்தாவானோம். இன்று நம் வீட்டில் வேகும் சோறு அவர் உயிருக்கு ஈடாக வந்தது என்பதை நாம் மறந்த நாளில்லை.

ஆயினும் அவர் படம் ஒன்றுகூட நம் வீட்டில் இல்லை. 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் பெய்த மழையை மும்பைவாசிகள் மறந்திருக்க இயலாது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பதிவாயிற்று. கல்யாணிலும் வெள்ளம் புகுந்து, தரைவீடுகள் மூழ்கின. திருமணப் படங்கள் அடங்கிய நம் ஆல்பம் சேற்றோடு சேறாயிற்று. எஞ்சியது, அன்று தந்தையார் சட்டைப்பையில் இருந்த பழைய இரயில்வே அடையாள அட்டை ஒன்றே. அதில் இரண்டு சென்டிமீட்டர் அகலமும் இரண்டரை சென்டிமீட்டர் உயரமும் உள்ள கறுப்பு வெள்ளைப் படம், 1991இல் எடுத்தது. அப்படத்தின் இடப்புறத்தை மறைத்துக்கொண்டு ஊதா மையில் ஒரு வட்ட முத்திரை.

முதல் முயற்சி

விழாவிற்கு ஐவரின் படத்தையும் எட்டடி உயரம், இருபதடி நீளத்தில் அச்சிடுவதென்று செயற்குழு தீர்மானித்து, அப்பொறுப்பை நம்மிடம் ஒப்படைத்தது. நிலையத்திற்கு அருகில் உள்ள ஓர் ஃபிளெக்ஸ் கடையை அணுகினோம். மற்ற நால்வர் குடும்பத்தாரும் நல்ல படங்கள் கொடுத்தனர். நாமோ அடையாள அட்டையைக் கைப்பேசியால் படம் பிடித்து, வாட்ஸாப்பில் அனுப்பி வைத்தோம். அதனோடு கடையிலிருந்த இளைஞரிடம் ஒரு சொல்லும் சொன்னோம்: "முத்திரையை எடுத்துவிட்டு, முகத்தைச் சற்று நன்றாக்கிவிடு."

அச்சொல்லை ஏன் சொன்னோம் என்று பின்னர்ப் பலமுறை எண்ணியதுண்டு. கார்டும் கம்பவுண்டரும் கோட்டு அணிந்து வீற்றிருக்கும் வரிசையில், வெயிலில் கறுத்த ஒரு கேங்மேன் முகம் எவ்வாறு தோன்றுமோ என்ற கூச்சம் நம் உள்ளத்தில் இருந்தது. இதை எழுதும்போது நாணமாகவே இருக்கிறது.

மறுநாள் கைப்பேசிக்கு வடிவமைப்பு வந்து சேர்ந்தது. கண்டதும் வியந்தோம். முத்திரை மறைந்திருந்தது. கன்னம் வழுவழுப்பாக, கண்கள் ஒளியுடன், நிறம் பொன்போல் விளங்கிற்று. செயற்குழுவினர் யாவரும் பாராட்டினர். பெருமையோடு வீட்டிற்குச் சென்று தாயாரிடம் காட்டினோம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"யாருப்பா இவுக? பாக்க லட்சணமாத்தான் இருக்காக, ஆபீசர் மாதிரி. உங்கப்பாவ எங்க?"

நாம் சிரித்து, இவர்தான் அவர் என்றோம். தாயார் சிரிக்கவில்லை. தம் இடப்புருவத்தின்மேல் விரலை வைத்துக்காட்டி, "இங்க இருக்குமே, அத எங்க?" என்று கேட்டார்.

அப்பொழுதுதான் நமக்கு நினைவு வந்தது. தந்தையாரின் இடப்புருவத்தை இரண்டாகப் பிளந்து ஒரு தழும்பு இருக்கும். திருமணமான மறு ஆண்டு, 1987இல், தண்டவாளத்தில் சம்மட்டி அடிக்கையில் இரும்புச் சில்லு தெறித்து உண்டான காயம் அது. தலையில் கட்டுடன் வந்து நின்ற கணவனைக் கண்டு, இந்த ஊரில் ஒருவரையும் அறியாத பதினெட்டு வயதுப் பெண்ணாகிய தாயார் எவ்வாறு பதறியிருப்பார்! அத்தழும்பு இல்லாத முகம் அவருக்கு அந்நியன் முகமே.

செயலாளரிடம் சொன்னோம். அவர் நல்லவர், எனினும் விழாவிற்கு ஐந்து நாட்களே இருந்தன. "தம்பி, படம் நன்றாகத்தானே இருக்கிறது? பிள்ளைகளுக்கு என்ன வேறுபாடு தெரியப்போகிறது?" என்றார். அதில் உண்மை உண்டு. பிள்ளைகளுக்குத் தெரியாது. இனி வரும் ஆண்டுகளில் அம்முகத்தையே அவர்கள் அவரென நம்புவார்கள். அதுவே நம்மை உறுத்திற்று. அன்று மாலை அலுவலகம் முடிந்ததும் அட்டையை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குச் சென்றோம்.

புள்ளிக் கணக்கு

இளைஞர் உத்தரப்பிரதேசத்தவர், பொறுமைசாலி. "பையா, நீங்கள் அனுப்பிய படத்தில் முகம் எவ்வளவு இருந்தது தெரியுமா?" என்று கணினித் திரையில் காட்டினார். கணினி எப்படத்தையும் சிறுசிறு சதுரப் புள்ளிகளாகவே அறியும். அவற்றைப் பிக்ஸல் என்பர். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண். கறுப்பு வெள்ளைப் படமாயின் 0 என்பது முழுக் கறுப்பு, 255 என்பது முழு வெள்ளை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டவை சாம்பல் நிறங்கள். 1957இல் அமெரிக்க அரசின் ஆய்வகம் ஒன்றில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர் முதன்முதலாக ஒரு புகைப்படத்தைக் கணினிக்குள் செலுத்தினார். ஐந்து சென்டிமீட்டர் சதுரம். பக்கத்திற்கு 176 புள்ளி வீதம் மொத்தம் 30,976 புள்ளிகள். அப்படத்தில் இருந்தது யார் என்றால், அவருடைய மூன்று மாதக் குழந்தை! கணினி கண்ட முதல் புகைப்படமே ஒரு தந்தை தம் மகனுக்காகத் தேர்ந்ததென்று அறிந்தபோது, தந்தையின் படத்தைக் கையில் வைத்து நின்ற நமக்கு உள்ளம் நெகிழ்ந்தது.

நாம் அனுப்பிய படத்தில் தந்தையார் முகத்தின் குறுக்கே இருந்தவை ஏறத்தாழ 200 புள்ளிகளே. பேனரில் அம்முகத்திற்கு மூன்றடி, அதாவது 36 அங்குல அகலம். 200 புள்ளிகளை 36 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்திற்கு ஐந்தரை புள்ளிதான் வரும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு பாசிப்பயறு அளவிற்குப் பெரிதாகும். அவ்வாறு அச்சிட்டால் முகம் தெரியாது. கட்டம் கட்டமாகவே தெரியும்.

எனவே இளைஞர், செயற்கை நுண்ணறிவினால் படத்தைப் பெரிதாக்கும் மென்பொருளிடம் அதைக் கொடுத்துவிட்டார். பழைய முறையில், மென்பொருள் இரு புள்ளிகளுக்கு நடுவே இடைப்பட்ட நிறத்தைக் கணக்கிட்டு நிரப்பும். படம் சற்று மங்கும், ஆயினும் பொய் சொல்லாது. புதிய முறை வேறு. எண்ணற்ற முகங்களைப் பார்த்துப் பழகிய அம்மென்பொருள், "இத்தகைய மங்கலுக்குள் இருக்கத்தக்க முகம் இதுவாகும்" என்று தானே ஒன்றைப் புனைந்து தருகிறது. அது பார்த்த முகங்களில் பெரும்பாலானவை எவையோ, அவற்றின் சாயலே அதன் புனைவிலும் வரும். 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய இத்தகைய மென்பொருள் ஒன்றிடம், முன்னாள் குடியரசுத் தலைவர் ஒபாமாவின் மங்கலான படத்தைக் கொடுத்தபோது, அது ஒரு வெள்ளையரின் முகத்தைத் தந்த செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. ஒபாமாவிற்கே அக்கதி என்றால் கசாரா மலையின் கேங்மேனுக்குக் கேட்பானேன்! முத்திரை மறைத்த இடத்தில் என்ன இருந்தது என்பது மென்பொருளுக்குத் தெரியாது. ஆகவே ஓர் அழகிய புருவத்தை வரைந்துவிட்டது. நன்றாக்கு என்று நாம் வேறு சொல்லியிருந்தோம்.

பழைய ஓவியர்

கடையின் பின்புறம் அச்சு இயந்திரத்தை ஓட்டுபவர் மராட்டியப் பெரியவர் ஒருவர். இளமையில் சினிமாத் தட்டிகளைக் கையால் தீட்டியவராம். உலகப்புகழ் பெற்ற ஹுசேன் அவர்களும் முற்காலத்தில் பம்பாயில் சினிமாத் தட்டி தீட்டியே வயிறு வளர்த்தார் என்பது அன்பர்கள் அறிந்ததே. அத்தொழில் அழிந்தபின் பெரியவர் இயந்திரத்திற்கு மாறியிருக்கிறார். நம் பேச்சு அவர் செவியில் விழுந்தது. அட்டையை வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"நாங்கள் சிறிய படத்தின்மேல் கட்டம் போடுவோம், பெரிய தட்டியிலும் அதே எண்ணிக்கையில் கட்டம் போடுவோம். இந்தக் கட்டத்தில் இருப்பதை அந்தக் கட்டத்தில் எழுதுவோம். சின்னப் படத்தில் இல்லாததைப் பெரியதில் எழுதினால் முதலாளி கூலி தரமாட்டார்" என்று சொல்லிச் சிரித்தார். பின்னர், "தம்பி, இது வெறுமையான இடம் அன்று. முத்திரைக்கு அடியில் முகம் இருக்கிறது. மை மெல்லியது" என்றார்.

அவர் சொற்படி, இளைஞர் அட்டையை ஸ்கேனரில் வைத்து, அங்குலத்திற்கு 1200 புள்ளி வீதம் எடுத்தார். கறுப்பு வெள்ளைப் படத்தை ஏன் வண்ணத்தில் எடுக்கிறார் என்று நாம் வியந்தோம். காரணம் உடனே விளங்கிற்று. வண்ணப் படம் என்பது கணினியில் மூன்று படங்களின் அடுக்கு: சிவப்பு ஒளியில் கண்டது ஒன்று, பச்சை ஒளியில் கண்டது ஒன்று, நீல ஒளியில் கண்டது ஒன்று. அவற்றை ஃபோட்டோஷாப் மென்பொருளில் தனித்தனியே பிரித்துப் பார்க்கலாம். (தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் உடன்பிறந்தார் இருவர் உருவாக்கி, 1990இல் வெளிவந்தது அம்மென்பொருள்.) ஊதா மை பச்சை ஒளியை விழுங்கும், நீல ஒளியைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பும். எனவே பச்சைப் படத்தில் முத்திரை கரியாய் நின்றது. நீலப் படத்தைத் திறந்ததும் முத்திரை ஏறத்தாழக் காணாமற் போயிற்று!

அங்கே இருந்தது, நடுவில் பிளந்த இடப்புருவம்.

நாம் ஒன்றும் பேசவில்லை. இளைஞரும் சற்று நேரம் சுட்டியை நகர்த்தாமல் இருந்தார். பதினேழு ஆண்டுகளுக்கு முன் மறைந்தவர், முத்திரைக்கு அடியிலிருந்து நம்மை நேரே நோக்குவது போலிருந்தது. சற்றுச் சினந்த பார்வை. கட்டிலுக்கடியில் ஒளிந்த பிள்ளையை நோக்கும் அதே பார்வை.

நீலப் படத்தில் ஒரு குறையும் உண்டு. பழைய தாளின் மஞ்சட்கறை அதில் கருமையாகத் தெரியும். மஞ்சள் நீல ஒளியை விழுங்குவதன் விளைவு அது. ஆகவே முத்திரை படிந்த இடத்திற்கு மட்டும் நீலப் படத்தையும், மற்ற இடங்களுக்குக் கறை தெரியாத சிவப்புப் படத்தையும் எடுத்து, இரண்டையும் ஒட்டி ஒரு முகமாக்கினார் இளைஞர். தூசிப் புள்ளிகளை ஒவ்வொன்றாக நீக்கினார். அம்மைத் தழும்புகளை நீக்கவா என்று கேட்டார். வேண்டா என்றோம்.

இப்பொழுது கணக்கைப் பாருங்கள். இரண்டு சென்டிமீட்டர் அகலம், அங்குலத்திற்கு 1200 வீதம், சுமார் 945 புள்ளிகள். அவற்றை 36 அங்குலத்திற்குப் பரப்பினால் அங்குலத்திற்கு 26 புள்ளி. புத்தகத்திற்கு 300 வேண்டுமே, 26 போதுமா என்று ஐயுற்றோம். போதும் என்றார் பெரியவர். புத்தகத்தை ஓரடித் தொலைவில் வைத்துப் படிக்கிறோம். அத்தொலைவில் நம் கண் அங்குலத்திற்கு ஏறத்தாழ 300 புள்ளிவரை பிரித்தறியும். தொலைவு கூடக்கூட அவ்வாற்றல் அதே விகிதத்தில் குறையும். பதினோரடிக்கு அப்பால் நிற்பவர்க்கு 26 புள்ளியே நிறைவான படம். மேடைக்கும் முதல் வரிசைக்கும் பதினைந்தடி. சாலையோரப் பெரும் பலகைகள் இன்னும் குறைந்த புள்ளிகளோடு அச்சாவதும் இக்காரணத்தினாலேயே. கண் மன்னிப்பதை எல்லாம் கணினி சுமக்க வேண்டியதில்லை. நமது பேனர் முழுவதையும் அங்குலத்திற்கு 300 வீதம் செய்திருந்தால் 207 கோடிப் புள்ளிகள் ஆகியிருக்கும். 72 வீதம் செய்ததால் 12 கோடிக்குள் அடங்கிற்று. அந்த 72ஐ நிரப்ப, தந்தையார் முகத்திற்கு மட்டும் பழைய முறையில் இடைநிறம் கணக்கிட்டுப் பெரிதாக்கினர்.

பாக்கியை முன்கொணரும் கணக்கு

படம் ஆயத்தமான பின்பும் நேரே அச்சிற்குப் போகவில்லை. நடுவில் ரிப் என்னும் வேறொரு மென்பொருள் உண்டு. அது செய்யும் வேலை நம் போன்ற குமாஸ்தாவிற்கு நன்கு விளங்கக் கூடியது.

இயந்திரத்தில் நான்கே மைகள்: பசுநீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு. சாம்பல் நிறம் என்று ஒரு மை இல்லை. ஓரிடத்தில் துளி விழும் அல்லது விழாது. இவ்விரண்டைக் கொண்டே கன்னத்து நிழலையெல்லாம் காட்டியாக வேண்டும். எவ்வாறு? 1976இல் ஃபிளாய்டு, ஸ்டைன்பெர்க் என்னும் இருவர் ஒரு முறையை வெளியிட்டனர். ஒரு புள்ளிக்கு வேண்டிய கருமை 255இல் 100 என்று கொள்வோம். பாதிக்குக் குறைவாதலின் துளி விழாது. ஆனால் அந்த 100ஐத் தள்ளுபடி செய்துவிடுவதில்லை. அதைப் பதினாறு பங்காக்கி, வலப்பக்கத்துப் புள்ளிக்கு ஏழு, கீழ்ப்புள்ளிக்கு ஐந்து, கீழே இடப்புறத்திற்கு மூன்று, கீழே வலப்புறத்திற்கு ஒன்று என்று பகிர்ந்து கொடுக்கும். அவை தத்தம் கணக்கில் அதைச் சேர்த்துக்கொள்ளும். பக்கத்தின் அடியில் நிற்கும் பாக்கியை அடுத்த பக்கத்தின் தலைப்பில் எழுதும் பேரேட்டு வழக்கமே இது. ஒரு காசும் தொலைவதில்லை. ஆகவே தொலைவில் நின்று காண்பவர்க்கு நிழலும் வெளிச்சமும் சரியான அளவில் தோன்றுகின்றன. இம்முறையின் வழிவந்தவை இன்றும் வழக்கில் உள்ளன.

ரிப் இன்னொன்றையும் பார்த்துக்கொள்கிறது. நான்கு மைகளும் நூற்றுக்கு நூறு ஓரிடத்தில் விழுந்தால் மொத்தம் 400 விழுக்காடு. ஃபிளெக்ஸ் என்பது நூலிழை வலையின்மேல் பூசிய பிளாஸ்டிக். காகிதத்தைப் போல் மையை உறிஞ்சாது. அளவு மீறினால் காயாமல் வழியும். எனவே இவ்வளவுக்கு மேல் வேண்டா என்று வரம்பு கட்டுகிறது. நான்கு மைகளும் கலந்து சாம்பல் நிறம் உண்டாகும்போது ஏதேனும் ஒன்று மிகுந்தால் முகம் பச்சையாகவோ சிவப்பாகவோ சாயும். அதற்கும் இயந்திரத்திற்கும் தாளுக்கும் ஏற்ற நிறக் கணக்கு முன்பே அளந்து வைக்கப்பட்டிருக்கும். பெரியவர் முதலில் ஓரடித் துண்டு மட்டும் அடித்தார். தந்தையாரின் கன்னத்தில் பச்சைச் சாயல் தட்டியது. கணக்கைத் திருத்தி மறுபடி அடித்தார். மூன்றாம் துண்டில் சரியாயிற்று. மூன்று துண்டிற்கும் அவர் பணம் கேட்கவில்லை.

பிறகு முழுப்படமும் அச்சேறிற்று. மைத்தலை இங்குமங்கும் ஓடி ஓடித் திரும்ப, முகங்கள் உச்சியிலிருந்து சிறிது சிறிதாக இறங்கி வந்தன. முடி, நெற்றி, பின்னர்ப் புருவம். அறையெங்கும் மையின் நெடி. நாம் நள்ளிரவு வரை அங்கேயே நின்றிருந்தோம்.

விழாவிலும் விழாவிற்குப் பின்பும்

படத்தைச் சாலையில் கட்ட வேண்டும் என்று சிலர் விரும்பினர். செயற்குழு மறுத்து மண்டபத்தினுள்ளேயே கட்டிற்று. 2019இல் சென்னையில் பேனர் சரிந்து ஓர் இளம்பெண் உயிரிழந்ததும், 2024 மே 13இல் காட்கோபரில் பெரும் விளம்பரப் பலகை வீழ்ந்து பதினெழுவர் மாண்டதும் எவர்க்கும் நினைவிருக்குமன்றோ?

தாயார் முதல் வரிசையில் அமர்ந்திருந்தார். விழா தொடங்குமுன் எழுந்து மேடையருகே சென்றார். அருகில் சென்றால் முகம் புள்ளிகளாகச் சிதறுமே என்று நாம் அஞ்சினோம். அவர் கை புருவத்திற்கு எட்டவில்லை. தாடையைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து, "கறுப்பாத்தான் இருக்காக" என்று மட்டும் சொன்னார். அதை நிறைவாகச் சொன்னார் என்றே கருதுகிறோம். செயலாளர் நம்மிடம் வந்து, "அவரிடம் அடி வாங்கியவன் நான். இப்பொழுதும் பயமாய் இருக்கிறது" என்றார்.

இவ்வனுபவத்தால் அன்பர்களுக்குச் சொல்லத்தக்கவை சில. உங்கள் பெட்டியில் உள்ள பெரியவர்களின் படங்களை இன்றே ஸ்கேன் செய்து வையுங்கள். கைப்பேசியால் எடுப்பது போதாது. படம் சிறிதாயின் அங்குலத்திற்கு 1200 வீதமும், கறுப்பு வெள்ளையாயினும் வண்ணத்திலும் எடுங்கள். மூலக் கோப்பை வாட்ஸாப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். பென்டிரைவில் கொடுங்கள், அல்லது ஆவணமாக அனுப்புங்கள். அச்சிடுமுன் ஓரடித் துண்டு கேளுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, அம்முகத்தை நேரில் அறிந்தவர் ஒருவரிடம் காட்டாமல் அச்சிற்கு ஒப்புதல் தராதீர்கள். மென்பொருள் மறைந்ததை வெளிப்படுத்தவும் வல்லது. இல்லாததை இட்டுக்கட்டவும் வல்லது. இரண்டில் எது நடந்தது என்பதைச் சொல்ல வீட்டில் ஒரு கிழவி வேண்டும்.

இன்னும் ஒரு செய்தி. விழா முடிந்தபின் படத்தைச் சுருட்டிச் சங்க அறையில் வைத்திருந்தோம். சென்ற திங்கள், மழைக்காலம் நெருங்கியதும், மேட்டுத்தெருவில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தார் ஒழுகும் கூரைமேல் போர்த்த அந்த ஃபிளெக்ஸைக் கேட்டு வந்தனர். அவர்கள் பிள்ளைகள் இருவர் நம் தமிழ் வகுப்பில் பயில்பவர். பெரியவர்களின் முகத்தைக் கூரையில் போடுவதா என்று செயற்குழு தயங்கிற்று. ஐவர் குடும்பத்தாரையும் கேட்டு முடிவு செய்வதென்றாயிற்று. நாம் தயக்கத்தோடு தாயாரிடம் கேட்டோம்.

"ஒரு வீடு நனையாம இருக்கும்னா குடுங்க. அவுக மழையிலயே வேல பாத்தவுகதான. முகத்த மட்டும் வீட்டுக்குள்ள பாத்தாப்புல போடச் சொல்லு" என்றார்.

மற்ற நால்வர் குடும்பத்தாரும் இசைந்தனர். ஞாயிற்றுக்கிழமை நாமும் உடன் சென்று கயிறு கட்டிக் கொடுத்தோம். மூங்கில் சட்டங்களுக்கு இடையே, அவ்வீட்டுப் பிள்ளைகள் பாய் விரித்து எழுதும் மூலைக்கு நேர் மேலே, தந்தையாரின் முகம் அமைந்தது. நாம் திட்டமிட்டு அவ்வாறு செய்யவில்லை.